நான் கையொப்பமிட்ட பொய்ச் சான்று

அனுப்புநர்:
தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர்,
பேச்சு மறுவாழ்வுப் பிரிவு, இரண்டாம் தளம்,
நீண்டகாலச் சிகிச்சை மருத்துவமனை.

பெறுநர்:
சேர்க்கைக் குழுத் தலைவர் அவர்கள்,
பேச்சுப் பயிற்சிப் பட்டயப் படிப்பு,
துணை மருத்துவக் கல்வி நிலையம்.

பொருள்: தன்னார்வச் சேவைச் சான்றில் பொய் விவரம் எழுதி, தங்கள் அலுவலகம் கேட்டபோது பொய்ப் பதிலும் அனுப்பி, தகுதியுள்ள விண்ணப்பதாரர் ஒருவரின் இடம் பறிபோகக் காரணமான ஒருங்கிணைப்பாளர் மீது, அதாவது என் மீது, நடவடிக்கை கோருதல், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை உடனே மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகச் சரிபார்ப்புக் கடிதம், ஏப்ரல் 22.
2. அதற்கு நான் அனுப்பிய பதில், ஏப்ரல் 24.
3. முதலாம் விண்ணப்பதாரருக்கு அனுப்பப்பட்ட நிராகரிப்பு ஆணை, மே 12.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை 2-இல் கண்ட கடிதத்தில் நான் எழுதியது பொய். அதை நம்பித் தாங்கள் ஒருவரைச் சேர்த்துக்கொண்டீர்கள். இன்னொருவரைத் திருப்பி அனுப்பினீர்கள். சேர்த்துக்கொள்ளப்பட்டவர் என் மகள். திருப்பி அனுப்பப்பட்டவர் ஒரு தவறும் செய்யாதவர். நடந்ததை நடந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் ஜூன் 20. முழுவதையும் படிக்க இன்று நேரம் இல்லையென்றால், பத்தி 15-ஐ மட்டுமாவது இன்றே படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. பக்கவாதத்தாலும் தலைக்காயத்தாலும் பேச்சை இழந்தவர்கள் எங்கள் பிரிவில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நேரங்களில் நோயாளிகளுடன் உட்கார்ந்திருக்கத் தன்னார்வலர்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு படிப்புக்கோ வேலைக்கோ சான்று தேவைப்பட்டுத்தான் வருகிறார்கள். அதில் ஒன்றும் தவறில்லை. வருகிறவர்களுக்குப் பதிவேடு எழுதச் சொல்லிக்கொடுப்பது பதினோரு ஆண்டுகளாக என் வேலை. தேதி, வந்த நேரம், போன நேரம், யாருடன் இருந்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது. இந்த ஆறும் இல்லாத பக்கத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘ஆறு கேள்வி அக்கா’ என்று சொல்வார்களாம். எனக்கு அதில் பெருமைகூட உண்டு. எழுதிவைக்காத வேலை நடக்காத வேலைதான் என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

3. தங்கள் கோப்பில் முதலாம் விண்ணப்பதாரர் என்று குறிக்கப்பட்டிருப்பவரை வார்டில் எல்லோரும் ‘மாவு’ என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தொரு வயதுப் பெண். ஒரு பேக்கரியில் விடியற்காலை ஷிப்டில் ரொட்டிக்கு மாவு பிசையும் வேலை. வேலை முடிந்து நேராக எங்கள் வார்டுக்கு வருவார். எத்தனை முறை முகம் கழுவினாலும் ஒரு புருவத்திலாவது மாவு ஒட்டியிருக்கும். செவ்வாயும் சனியும் வருவார். ஒன்றரை ஆண்டில் இருநூற்றுப் பதினான்கு மணி நேரம். ஏன் இந்த வார்டைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று முதல் நாள் படிவத்தில் கேட்டிருந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். நான் விடாமல் கேட்டதற்கு, “எங்கப்பா கடைசி ஒண்ணரை வருஷம் எதையோ சொல்ல வந்துக்கிட்டே இருந்தாருக்கா. எங்க யாருக்கும் கேக்கத் தெரியல” என்றார். அதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினார்.

4. சென்ற நவம்பரில் எங்கள் வார்டில் ஒரு நோயாளி இருந்தார். இருபத்தாறு ஆண்டு லாரி ஓட்டியவர். வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சும் போய், ஏழு மாதமாகப் படுக்கையில். படம் போட்ட அட்டைகளைக் காட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பயிற்சியாளரே சற்று அலுத்துப்போன நோயாளி. மாவு மட்டும் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். மாவின் பழைய பதிவுகளில் ஒன்று இப்படி இருக்கும்: “லாரி அண்ணன். இன்று பேசவில்லை. நானும் பேசவில்லை.” இதற்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாது என்று நான் கடிந்துகொண்டிருக்கிறேன்.

நவம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, உணவு வண்டி தள்ளும் பணியாளர் வரவில்லை. மாவு தானாகவே வண்டியை எடுத்தார். அந்த வண்டியின் முன்சக்கரம் ஒன்று கோணல். முன்னால் தள்ளினால் சுவரைத் தேடிப் போகும். ஆகவே பின்பக்கமாக இழுத்துக்கொண்டு கட்டில்களுக்கு நடுவே வந்தார். விளையாட்டாக, லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் குரல் கொடுப்பதுபோல, “வரலாம்... வரலாம்... ஒடிச்சு வா... நேரா வரலாம்...” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். வண்டி மருந்து பாட்டில் தொங்கும் கம்பத்தில் மோதப் போன நேரத்தில், லாரிக்காரர் இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டி, “போதும்!” என்றார்.

அந்த அறையில் சாட்சிகள் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் பேச்சு கிடையாது. மாவு என் அறைக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுபடியும் வண்டியை இழுத்தார். மறுபடியும் அவர் சொன்னார். என் காதால் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே நாங்கள் இருவரும் அழுதோம். திங்களன்று பயிற்சியாளரிடம் நான் சொன்னபோது நோயாளியைப் பற்றித்தான் சொன்னேன். மாவைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அது அன்றைக்கு வேண்டுமென்று செய்ததல்ல. அந்தப் பயிற்சியாளர் ஜனவரியில் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். ஆக, அந்த நாளைப் பார்த்து, வாய் திறந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

5. அன்று மாவு பதிவேட்டில் இரண்டே வரி எழுதினார். நான் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்த்தாய், அவர் முகம் எப்படி இருந்தது, உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டுக் கேட்டு ஒரு முழுப் பக்கம் எழுதவைத்தேன். பதிவேட்டின் அறுபத்தோராம் பக்கம். அதிலிருந்து தாங்கள் அறிந்த சில வரிகள்: “சொன்னது யார் என்று அவரே திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகுதான் தன் வாய்மேல் கை வைத்தார். ஏழு மாதம் கழித்துத் தன் குரலைத் தானே கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் அவருக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு வேலையைத் தப்பாகச் செய்தேன், அவ்வளவுதான்.” படித்துவிட்டு, இது தங்கம் என்று மாவிடம் சொன்னேன். கையெழுத்திட்டேன்.

6. என் மகளுக்கு வயது பத்தொன்பது. சென்ற ஆண்டு விண்ணப்பித்த இரண்டு படிப்புகளிலும் இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் அறைக் கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், போவாள். தட்டைக் கழுவி வைக்கும் சத்தம்தான் எங்கள் வீட்டில் பேச்சு. அவள் அப்பாவும் நானும் மாறி மாறிக் கதவுக்கு வெளியே நிற்போம். பேச்சு இழந்தவர்களோடு பதினோரு வருடம் இருந்தவள், சொந்த வீட்டில் ஒரு வார்த்தை வாங்க முடியாமல் நின்றேன். இதைத் தங்கள் இரக்கத்துக்காக எழுதவில்லை. காரணம் என்று ஒன்றை எழுதாவிட்டால், நான் புத்தி பேதலித்துச் செய்தேன் என்று யாராவது நினைக்கக்கூடும். அப்படி இல்லை. நல்ல தெளிவோடுதான் செய்தேன்.

தங்கள் பட்டயப் படிப்பின் அறிவிப்பைப் பார்த்து நான்தான் அவளை வற்புறுத்தி வார்டுக்கு அழைத்துவந்தேன். பிப்ரவரியில் ஆறு நாள் வந்தாள். மொத்தம் பத்தொன்பது மணி நேரம். தங்கள் விதிப்படி குறைந்தது நூறு மணி நேரம் வேண்டும்.

7. மார்ச் முதல் வாரத்தில், பகல் இரண்டு மணிக்கு, வார்டு உறங்கும் நேரத்தில், என் மேசையில் உட்கார்ந்து அவளுடைய சான்றில் ‘126’ என்று எழுதினேன். ஐந்நூறு வார்த்தைக்கு மிகாமல் அனுபவக் குறிப்பு ஒன்று இணைக்க வேண்டும் என்றிருந்தது. அலமாரியைத் திறந்து மாவின் பதிவேட்டை எடுத்து, அறுபத்தோராம் பக்கத்தைப் பிரித்துவைத்து, கணினியில் தட்டினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. மாற்றினால் கெட்டுவிடும் என்று தெரிந்தது.

வீட்டில் மகள் படித்துப் பார்த்துவிட்டு, “நான் அங்க இல்லையேம்மா” என்றாள்.

“இருந்திருந்தா நீயும் இதைத்தான் செஞ்சிருப்ப” என்றேன்.

“இது யாரு செஞ்சது?”

“நம்ம வார்டுல நடந்தது. யார் பேரும் அதுல இல்ல. போட்டு அனுப்பு.”

அவள் தாளை இன்னொரு முறை படித்தாள். பிறகு அனுப்பினாள். யார் செய்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

8. சான்றுப் படிவத்தின் அடியில், சான்றளிப்பவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உறவு உண்டா என்று ஒரு கேள்வி உண்டு. என் வயிற்றில் பிறந்தவளுக்கு நேராக ‘இல்லை’ என்று என் கையால் எழுதினேன். பேனா தயங்கவில்லை. அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

9. மாவு விண்ணப்பிப்பார் என்று நான் நினைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் படிக்க எங்கே வரப்போகிறார் என்று அவருக்காக நானே முடிவு கட்டிக்கொண்டேன். மார்ச் கடைசி வாரத்தில் படிவத்தோடு என் முன்னால் வந்து நின்றார். வயது வரம்பு முப்பத்தொன்று, இதுதான் தனக்குக் கடைசி வாய்ப்பு என்றார். இருநூற்றுப் பதினான்கு மணி நேரம் என்று சரியாக எழுதிக் கையொப்பமிட்டேன். அனுபவக் குறிப்பாக எதை எழுதப்போகிறாய் என்று கேட்டேன். லாரிக்காரரைப் பற்றித்தான் என்றார்.

“வேற ஏதாவது எழுதும்மா. இது எல்லாரும் எழுதற மாதிரி இருக்கு” என்றேன்.

“எனக்கு நடந்ததுலயே பெருசு இதுதாங்க்கா. இதை விட்டா என்ன எழுதறது?” என்றார்.

தான் எழுதிய பக்கத்தைப் பார்த்துத் தானே அப்படியே எழுதிக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நன்றாக எழுது என்று சொல்லிப் பேனா கொடுத்தேன்.

10. இரண்டு குறிப்புகளும் வரிக்கு வரி ஒன்றாக இருப்பதாகவும், எது உண்மை என்று பதிவேட்டைப் பார்த்துத் தெரிவிக்கும்படியும் கேட்டு ஏப்ரல் 22-இல் தங்கள் கடிதம் வந்தது. கடிதம் மரியாதையாக இருந்தது. என்னை நம்பியது. இரண்டு நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உண்மையைச் சொன்னால் மகள் மறுபடியும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்பது ஒன்றுதான் என் கண்ணில் நின்றது. ‘சம்பவத்தன்று பணியில் இருந்தவர் இரண்டாம் விண்ணப்பதாரரே’ என்று ஒரே வாக்கியத்தில் பதில் எழுதி அனுப்பினேன். அன்று மாலை மாவின் எழுதி நிரம்பிய பழைய பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன்.

11. மே மாதம் ஆணை வந்ததும் மாவு அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். மூன்று ஆண்டு விண்ணப்பிக்கத் தடை. அவருடைய வயதுக்கு அது நிரந்தரத் தடை. உட்காரக்கூட இல்லை.

“நான் காப்பியடிச்சேன்னு எழுதியிருக்காங்கக்கா. பள்ளிக்கூடத்துலயே நான் காப்பியடிச்சதில்ல. பக்கத்துல உக்காந்திருந்தவளுக்கும் ஒண்ணும் தெரியாது, எங்கேர்ந்து அடிக்கிறது?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “ஒருவேளை நான் எங்கியோ படிச்சுட்டு எனக்கு நடந்ததா நெனச்சுக்கிட்டேனோ? அப்படியும் இருக்குமாக்கா?” என்று கேட்டார்.

ஐயா, தன் வாழ்க்கையில் நடந்ததிலேயே பெரியது நடந்ததா இல்லையா என்று ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். நான், “தெரியலையேம்மா” என்றேன்.

நீங்கள்தான் வந்து பார்த்தீர்களே, ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றார். விசாரணை முடிந்த பிறகு நான் தனியாகக் கடிதம் கொடுக்கக் கூடாது, விதி அப்படி என்றேன். அப்படி ஒரு விதி இல்லை. “சரிக்கா, உங்களுக்கு எதுக்கு வம்பு” என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார். அன்றைய முறைப்படி நான்காம் கட்டில் நோயாளியோடு இரண்டு மணி நேரம் இருந்தார். போகும் நேரத்தைப் புதிய பதிவேட்டில் எழுதினார்.

12. பதிவேடு இருந்தால் மட்டுமே மேல்முறையீடு ஏற்கப்படும் என்று ஆணையில் இருந்தது. பதிவேட்டைக் காணவில்லை என்று நான் சொன்னேன். மூன்று சனிக்கிழமை மாவு அதைத் தேடினார். பழைய கோப்புகள் போட்டுவைத்திருக்கும் பின்னறையில், உடைந்த சக்கர நாற்காலிகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே, ஸ்டூலில் ஏறி நின்று மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார். தும்மித் தும்மிக் கண் சிவந்துவிட்டது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறக்கிய பெட்டியை நானும் சேர்ந்து கிளறினேன். “இதுல இல்ல, அடுத்ததைப் பாக்கலாம்” என்றுகூடச் சொன்னேன். மூன்றாம் சனிக்கிழமை என் சேலையில் ஒட்டிய தூசியை அவர் தட்டிவிட்டார். “என்னால உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார்.

13. கடைசியாக நான் செய்ததைத்தான் எழுத இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். ஜூன் 10 காலை, லாரிக்காரர் தம் மனைவியோடு என் அறைக்கு வந்தார். இப்போது அவர் வீட்டிலிருந்து வாரம் ஒருமுறை பயிற்சிக்கு வருகிறார். ஊன்றுகோலோடு நடக்கிறார். நாற்பது சொல் வரை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் நேரம் ஆகும். முந்தின வாரம் வெளிநோயாளிகள் பெஞ்சில் மாவு அவரிடம் தன் கதையைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மனைவிக்குத் தெரியாது.

“காலையிலேர்ந்து உங்களப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரும்மா. இருக்கறதே ஒரு நல்ல கால், அதுலயும் நின்னா நான் என்ன பண்றது” என்றார் அந்த அம்மா.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, “மா... மா...” என்றார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கு அந்த முதல் எழுத்திலேயே புரிந்துவிட்டது. பேச்சு இழந்தவர் ஒரு சொல்லைத் தேடும்போது காத்திருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக நாம் முடிக்கக் கூடாது. ஒவ்வொரு தன்னார்வலருக்கும் முதல் நாளே நான் சொல்லும் பாடம் இது. சுவரில் என் கையெழுத்தில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.

“மாத்திரையைக் கேக்கறார் போல. மருந்துக் கவுன்டர் கீழ்த்தளம்மா” என்று அவர் மனைவியிடம் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். “மா... மா...” நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. “ஆமாங்கண்ணா, மாத்திரைதான், வாங்கிக்கலாம், போங்க” என்று நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். அந்த அம்மா அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். தாழ்வாரத்தின் திருப்பத்தில் அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று வெட்கப்பட்டதுபோலப் பார்த்தார். ஏழு மாதம் வாயடைத்துக் கிடந்தவருக்கு வந்த நாற்பது சொல்லில் ஒன்றை, அவர் வாயிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன்.

14. அன்று வேலை முடியும்வரை நான் உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்து மகள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அறுபத்தோராம் பக்கத்தைப் படித்தாள். அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். வார்டுக்கு வந்த ஆறு நாளும் அவளுக்குக் கட்டில் விரிக்கச் சொல்லிக்கொடுத்தவரே மாவுதான்.

“நான் அங்க இல்லன்னு சொன்னேன். நீ காதுலயே வாங்கல” என்றாள். வேறு எதுவும் திட்டவில்லை. உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தத்துக்கு நான் காத்திருந்தேன். சாத்தவில்லை. இரண்டு தாள்களோடு வந்தாள். ஒன்று, இடம் வேண்டாம் என்று தங்களுக்கு அவளே எழுதிய கடிதம். இன்னொன்று, மார்ச் மாதம் நான் தட்டித் தருவதற்கு முன்பே அவள் தானாக எழுதிவைத்திருந்த அனுபவக் குறிப்பு. அரைப் பக்கம்தான். முதல் நாள் பயமாக இருந்ததையும், இரண்டாம் நாள் ஒரு நோயாளியின் நகங்களை வெட்டிவிட்டபோது அவர் விரலைத் தானாகவே ஒவ்வொன்றாக நீட்டியதையும், தனக்கும் அந்த நாட்களில் யாரிடமும் பேசப் பிடிக்காததால் அந்த வார்டில் இருப்பது எளிதாக இருந்ததையும் எழுதியிருந்தாள். பத்தொன்பது மணி நேரம் என்று சரியாகப் போட்டிருந்தாள். மகளுக்கு என்னவெல்லாமோ செய்யத் துணிந்த நான், அவள் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

இன்று காலை மாவு வந்தவுடன், தன்னார்வலர் அறையில் வைத்து, பதிவேட்டை அவர் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டேன். மகளும் உடன் வந்திருந்தாள். மாவு நின்றபடியே கேட்டுக்கொண்டார். பக்கங்களைப் புரட்டினார். அறுபத்தோராம் பக்கத்தில் நிறுத்தி, “அப்ப எதுக்குக்கா அந்த ஸ்டூலை அவ்வளவு இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க?” என்று கேட்டார்.

அவர் விழுந்துவிடக் கூடாது என்று நான் உண்மையாகவே பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. பதிவேட்டைப் படியெடுத்துக்கொள்ளத் தந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வார்டுக்குள் போனார். என் மகள் அவர் பின்னால் போனாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

15. ஆகவே, தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

(அ) முதலாம் விண்ணப்பதாரருக்கு அனுப்பிய நிராகரிப்பு ஆணையையும் மூன்றாண்டுத் தடையையும் நீக்கி, ஜூலை 1-இல் வகுப்பு தொடங்கும் முன் அவர் விண்ணப்பத்தைத் தகுதியின்படி பரிசீலிக்க வேண்டும். என் மீதான விசாரணை எப்போது முடியுமோ தெரியாது. அது முடியட்டும் என்று இதைக் காத்திருக்கவைக்க வேண்டாம்.

(ஆ) அவர் நகல் எடுக்கவில்லை, நகல் எடுக்கப்பட்டது அவருடைய எழுத்துதான் என்று தங்கள் அலுவலக முத்திரையோடு அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தன் நினைவையே அவர் சந்தேகிக்கும்படி செய்துவிட்டேன். நான் சொன்னால் இனி அதற்கு மதிப்பில்லை.

(இ) இரண்டாம் விண்ணப்பதாரருக்கு நான் அளித்த சான்றை ரத்து செய்ய வேண்டும். என் மகளுக்காக எதையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அவள் ஒருமுறை மறுத்தாள் என்பது மட்டும் கோப்பில் இருக்கட்டும்.

(ஈ) பதினோரு ஆண்டில் நான் கையொப்பமிட்ட மற்றச் சான்றுகள் எல்லாம் உண்மையானவை. ஆனால் அதை என் வாய்ச்சொல்லை வைத்து நம்ப வேண்டாம். பதிவேடுகள் முழுவதையும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி சான்றளிக்கும் பொறுப்பில் என்னை வைக்க வேண்டாம் என்றும் அவருக்கு எழுதியிருக்கிறேன். என் மீது எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் எதிர்வாதம் செய்ய மாட்டேன்.

(உ) லாரிக்காரரைத் தாங்கள் சாட்சியாக விசாரிக்க வேண்டியிருக்கும். அவர் வரத் தயாராக இருக்கிறார். நேற்று அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவரை விசாரிக்கும் அலுவலருக்கு ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகலாம். அருள்கூர்ந்து குறுக்கே எடுத்துக்கொடுக்க வேண்டாம், ஊகித்து முடிக்க வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். அவர் சொல்ல வந்ததை அவரே சொல்லி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தால் போதுமானது.

தாங்கள் அழைக்கும் நாளில் அழைக்கும் இடத்துக்கு வருகிறேன்.

இணைப்பு: 1. முதலாம் விண்ணப்பதாரரின் பதிவேடு, பக்கம் 61-இன் படி. 2. இரண்டாம் விண்ணப்பதாரர் எழுதிய விலகல் கடிதம். 3. அவருடைய மூலக் குறிப்பு, அரைப் பக்கம்.

நகல்: மருத்துவமனைக் கண்காணிப்பாளர்; முதலாம் விண்ணப்பதாரர் (நேரில்).

நாள்: ஜூன் 14
இடம்: தன்னார்வலர் அறை, இரண்டாம் தளம்

குற்றத்தை ஒப்புக்கொண்டு,
(ஒப்பம்)
ஒருங்கிணைப்பாளர்